அரை எடைக் கல்யாணம்

"கல்யாணக் கூடத்துக்கு எவ்வளவு எடை வைக்கட்டும் சார்?" என்று ஓட்டல் மேலாளர் கேட்டதும், தணிகாசலம் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அரை எடை போதும்."

மேலாளர் விழித்தார். வலயநகரில் யாரும் தம் எடையைக் குறைத்துக்கொள்ள விரும்புவதில்லை. விண்வெளியில் சுழலும் மாபெரும் சக்கரம் அது. சுழற்சியால்தான் அங்கே மனிதர்களின் கால் தரையில் பாவுகிறது. வெளிவட்டத்தில் பூமியைப் போலவே முழு எடை. அச்சுக்குப் பாதித் தொலைவிலுள்ள உள்வட்டத்தில் பாதிதான். அங்கே தலைமுறையாக வாழ்பவர்கள் நெடுநெடுவென வளர்ந்து, கால் மெலிந்து, வெளிவட்டத்துக்கு வந்தால் உடனே நாற்காலி தேடுவார்கள். அவர்களுக்கு அரையெடையார் என்று பெயர். இந்த ஓட்டலின் கூடங்கள் சக்கரத்தின் ஆரக்கால் வழியே மேலும் கீழும் நகரும். கேட்ட எடையில் நிறுத்தித் தருவார்கள்.

தணிகாசலம் ஏழு தலைமுறை முழுஎடையார். அவர் மகள் தேனருவி, சேந்தன் என்ற அரையெடைப் பையனைக் காதலித்தாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசவில்லை என்பதை மட்டும் ஊர் முழுக்கப் பேசினார்.

"அரை எடையில புடவைக் கொசுவம் நிக்காதுங்க. பாயசம் டம்ளரை விட்டு எழும்பும்" என்று மனைவி அம்சவேணி முனகினாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கால் கடுக்காம நிக்கணும்ல? நாமதான் விட்டுக்குடுக்கணும்."

அடுத்தது பதிவாளர். மனிதப் பதிவாளரும் கிடைப்பார்; கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இன்னொன்று உளக்கோல் பதிவாளர். பீரோ உயர இயந்திரம். அதன் தட்டில் கை வைத்தால் மனதைப் படித்துவிடும். இரு வட்டத்தாரும் கலக்கும் திருமணத்தில், மணமக்கள் சமமானவர்கள் என்று கருதும் ஒருவர்தான் சாட்சி நிற்க வேண்டும் என்பது சட்டம். சாட்சி போட்ட மாமன்மார்களே பிறகு வழக்குப் போட்டு இழுத்தடித்ததால் வந்த சட்டம் அது. மனிதப் பதிவாளர் வாயால் சொன்னதை நம்புவார். உளக்கோல் நம்பாது.

"மனுஷரே போதும்ப்பா" என்று தேனருவி கெஞ்சினாள். "கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலமே கப்பலைப் பிடிக்கணும்."

சனிக்கோளின் நிலவு ஒன்றில் இருவருக்கும் வேலை. தம்பதியாகப் பதிந்தால்தான் அவளுக்கும் கப்பலில் இடம். இல்லாவிட்டால் சேந்தன் மட்டும் போக வேண்டும். அடுத்த கப்பலுக்கு மூன்று வருடம்.

"நம்மகிட்ட மறைக்க என்னம்மா இருக்கு? நாலு பேர் பாக்கட்டும்" என்றார் தணிகாசலம். உளக்கோலையே ஏற்பாடு செய்தார்.

கல்யாணத்தன்று கூடம் அரை எடையில் நின்றது. தூவிய பூக்கள் அவசரமில்லாமல் இறங்கின. மணமக்கள் தட்டில் கை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். தணிகாசலம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தட்டில் கை வைத்தார்.

சிவப்பு எரிந்தது.

"சாட்சி ஏற்கப்படவில்லை" என்றது பதிவாளர். "மணமகனைத் தங்களுக்குச் சற்றுக் கீழே நிற்பவராகக் கருதுகிறீர்கள்."

"கீழயா? அவருக்காகத்தான்யா கூடத்தையே அரை எடைக்கு இறக்கினேன்!"

"ஆம். உளக்கோல் அதைத்தான் காட்டுகிறது."

மாப்பிள்ளையின் தாய்மாமன் வரதப்பன் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "தள்ளுங்க சம்பந்தி. எங்களுக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது." அவருக்கும் சிவப்பு. மணமகளை, வெளிவட்டத்திலிருந்து வென்று வந்த பரிசாக அவர் நினைத்திருந்தார். மாப்பிள்ளை பாவம் என்று நினைத்ததால் அம்சவேணியும் தேறவில்லை. மேடையேறி வாழ்த்துரை வாசித்த பேராசிரியர் மூன்று முறை முயன்று பார்த்தார். அதற்குப் பிறகு பலருக்கும் திடீரென்று பசி வந்துவிட்டது. பந்திக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

"மனுஷரையே கூப்பிடலாமா?" என்று மேலாளரிடம் கேட்டார் தணிகாசலம்.

"நாளைக்குத்தான் சார் வருவாங்க."

தேனருவி மாலையோடு அப்படியே நின்றாள். சேந்தன் அவள் கையை விடவில்லை. மகள் திட்டியிருந்தால்கூடத் தணிகாசலம் தாங்கியிருப்பார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

அம்சவேணிதான் பந்திக்கு ஓடி, இலை முன்னால் இருந்த ஒருவரைக் கையோடு இழுத்துவந்தாள். கோமதிநாயகம் என்று பெயர். காலையில்தான் பூமியிலிருந்து வந்தாராம். பல் மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போக வேண்டியவர், கூடம் மாறி இங்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

"மணமக்கள் இருவரும் சமமானவர்கள் என்று கருதுகிறீர்களா?" என்று கேட்டது பதிவாளர்.

"எடையை வச்சா ஆளை மதிப்பாங்க? என்ன கூத்துய்யா இது!" என்று சிரித்தபடியே தட்டில் கை வைத்தார் பல் மருத்துவர்.

பச்சை எரிந்தது. கூடமே ஆர்ப்பரித்தது. தேனருவி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமதிநாயகத்தின் இரு கைகளையும் பிடித்தார். அவரைத் தாமே பந்திக்கு அழைத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறச் சொன்னார்.

கோமதிநாயகம் பாயசத்தைக் குடித்து முடித்து, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எடையெல்லாம் கிடக்கட்டும் சார். பூர்வீகத்துல நீங்க என்ன ஆளுங்க? மாப்பிள்ளை வீட்டுல என்ன ஆளுங்க?"

"என்ன ஆளுங்கன்னா?" தணிகாசலத்துக்குப் புரியவில்லை.

பல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எந்த வயிற்றில் பிறந்தோம் என்பதை வைத்து மேல் கீழ் வருவதையும், அதைப் பார்த்தே பூமியில் பெண் கொடுப்பதையும் சொன்னார்.

"ரத்தத்துல வித்தியாசம் இருக்குமோ?"

"இல்லை."

"எலும்புல? உயரத்துல?"

"அதெல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப எதை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறீங்க?"

"விசாரிப்போம்" என்றார் கோமதிநாயகம்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிவப்பு விளக்கு, மகளின் முகம் எல்லாம் மறந்துபோயின. மார்பு மறுபடி விரிந்தது. இப்படிப்பட்ட மடையர்கள் வாழும் ஊரில் பிறக்காமல், ஏழு தலைமுறையாக நாகரிகமான இடத்தில் இருப்பதை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"எங்ககிட்ட அந்தப் பைத்தியக்காரத்தனமெல்லாம் கிடையாது சார்" என்றார். "இங்க யாரா இருந்தாலும் நிறுத்துப் பாத்துத்தான் முடிவு பண்ணுவோம்."