கண்ணாடிப் பெட்டிக்குள் களவு போன மயில்

"ஐயோ... என்ரை மயில்!"

அலறல் மண்டபத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. யாழ்ப்பாண நகரில் நடந்த மணப்பெண் உடைக் கண்காட்சியின் கடைசி நாள். அப்போதுதான் கதவு திறந்து சனம் உள்ளே வரத் தொடங்கியிருந்தது.

அலறியவள் பத்மாசினி. உடுவிலில் பிறந்தவள். பாரிஸில் சொந்தமாக உடைக்கடை வைத்திருக்கிறவள். அவள் வடிவமைத்த ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு மணவறைக்குப் போவதற்கு அங்கே பெண்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்களாம்!

அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு பொம்மை. பொம்மையின் உடம்பில் சிவப்புப் பட்டுச் சேலை. முந்தானை முழுக்க ஒரு மயில்... வெள்ளிக் கம்பியாலும் கண்ணாடி மணிகளாலும் கையாலேயே தைத்த மயில்.

வந்த சனத்தில் பாதி அந்த மயிலைப் பார்க்கத்தான் வந்தது.

சேலை அங்கேதான் இருந்தது. மயிலும் அங்கேதான் இருந்தது.

பிறகு எதற்கு அலறல்?

"இது என்ரை சாறி இல்லை..." என்றாள் பத்மாசினி. "ஆரோ என்ரையை எடுத்துப்போட்டு டூப்பிளிக்கேட்டை மாட்டி விட்டிருக்கிறாங்கள்!"

பெட்டியின் பூட்டு வாயைப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது.

*

இன்ஸ்பெக்டர் கஜானன் வந்தார்.

யாரையும் நம்பாத மனிதர். மனைவி தருகிற தேத்தண்ணியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று ஸ்டேசனில் ஒரு கதை உண்டு.

கண்ணாடிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

ஒவ்வோர் இறகும் தனித்தனியாக... மயிர் அளவு கம்பியை முறுக்கி முறுக்கி வளைத்திருந்தது. இறகின் கண்ணுக்குள் ஒரு நீல மணி. மயிலின் கால் நகத்தைக்கூட விடவில்லை!

"இதையோ போலி எண்டுறியள்?"

"உங்களுக்கு விளங்காது இன்ஸ்பெக்டர். நான் ரெண்டு வருசம் குந்தியிருந்து தைச்சது வேறை. இது குப்பை."

பூட்டைத் தூக்கிப் பார்த்தார். உடைத்த அடையாளம் இல்லை. திறப்பு யாரிடம் என்று கேட்டார். தன்னிடம் மட்டும்தான் என்றாள். அசல் சேலையைப் பாரிஸில் இன்சூரன்ஸ் செய்திருப்பதாகவும், நாளைக்கே விமானம் ஏற வேண்டுமென்றும், முறைப்பாட்டுப் பிரதி இன்றைக்கே கையில் வேண்டுமென்றும் அடுக்கிக்கொண்டு போனாள்.

எல்லாவற்றுக்கும் அவசரம்...

"ஆரிலை சந்தேகம்?"

பத்மாசினி விரலை நீட்டினாள்.

"உவன்!"

*

விரல் நீண்ட திசையில் ஜெறோம் நின்றான்.

குருநகர்த் தையல்காரன். முப்பது வயது. கழுத்தில் அளவு நாடா. மண்டபத் திரைச்சீலைகளுக்குக் கரை அடிக்கவும், கிழிந்ததைத் தைக்கவும் கூலிக்கு வந்தவன். நேற்று மாலை கடைசியாக வெளியே போனவனும் அவன்தான்.

கண்காட்சி தொடங்கிய நாளிலிருந்து, கை ஓய்ந்த நேரமெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் நின்றான். அவனுடைய மூக்குப் பட்ட எண்ணெய் அடையாளம் கண்ணாடியில் இன்னும் இருந்தது!

"என்னத்துக்கு ஐசே இதுக்கு முன்னாலை தவம் கிடந்தனீர்?"

"வடிவு சேர்."

"வடிவெண்டா பாத்திட்டுப் போறதெல்லே?"

"ஒருக்கால் பாத்தாக் காணாது சேர். கம்பியை எப்பிடி முறுக்கினவை எண்டு பிடிபடேல்லை. கிட்டப் போகப் போகக் கூடக் குழம்புது."

"படம் எடுத்தனீரோ?"

"ஓம் சேர். போனிலை இடம் காணாமல் தங்கச்சியின்ரை கலியாணப் படங்களை அழிச்சுப்போட்டு எடுத்தனான். வீட்டிலை இன்னும் தெரியாது."

கஜானனுக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

பூட்டை எப்படித் திறந்திருப்பான் என்று பத்மாசினியிடம் கேட்டார். தையல்காரன்தானே, ஊசியை விட்டு நெம்பியிருப்பான் என்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது.

அந்த நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஜெறோமின் கடையைச் சோதிக்கப் போயிருந்த கொன்ஸ்டபிள் கோபிசங்கர் ஒரு சொப்பிங் பையோடு ஓடி வந்தான்.

"ஆள் பிடிபட்டான் சேர்! தையல் மிஷினுக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருந்தவன்."

பைக்குள் சிவப்புத் துணி. துணியில் வெள்ளிக் கம்பி வேலை!

சனம் 'ஆ' என்றது.

ஜெறோமின் முகம் கறுத்துவிட்டது.

"அது... அது நான் செய்து பாத்தது சேர். எனக்கும் வருமோ எண்டு. வேறை ஒண்டுமில்லை."

"கேட்டியளே?" பத்மாசினி முன்னால் வந்தாள். "செய்து பழகியிருக்கிறான். ஜீப்பிலை ஏத்துங்கோ."

ஜெறோம் கஜானனையே பார்த்தான்.

"சேர், களவெண்டு ஒருக்கால் பேர் வந்தா எனக்கு ஒருத்தரும் சட்டைத் துணி தரமாட்டினம். மிஷினை வித்துப்போட்டுக் கடலுக்குத்தான் போகோணும். எனக்கு வள்ளத்திலை கால் வைச்சாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் சேர்."

கஜானன் துணியை விரித்தார். பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் நேராக்கினார்.

"ஐசே, இது என்ன?"

"மயில், சேர்."

"மயிலோ?"

"நான் கோழியெண்டு நினைச்சன் சேர்," என்றான் கோபிசங்கர். "அதுவும் அடையிலை கிடக்கிற கோழி."

கஜானன் ஒரு கையில் கோழியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குள் இருந்த மயிலைப் பார்த்தார்.

இதைச் செய்த கை... அதைச் செய்திருக்குமா?

செய்யாது. ஆனால் செய்யத் தெரிந்த ஒருவனைக் கூட்டாளியாகப் பிடித்திருக்கலாம். சந்தேகம் என்றால் எல்லாப் பக்கமும்தான்!

ஜெறோமை ஜீப்பில் இருத்தச் சொன்னார். பெட்டிக்குள் இருந்த சேலையையும் சாட்சிப் பொருளாகக் கழற்றச் சொன்னார்.

கோபிசங்கர் ஜெறோமை ஏற்றிவிட்டு வந்தான். பெட்டியைத் திறந்தான். முந்தானையைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுவை...

"மெதுவா! கம்பி முறியப் போகுது!"

காலை அலறலை விடப் பெரிய அலறல்.

பத்மாசினி பாய்ந்து வந்து முந்தானையைப் பறித்து, பச்சைப் பிள்ளையை ஏந்துவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

கஜானனின் ஒரு புருவம் மட்டும் மேலே போனது.

"குப்பை எண்டனீங்கள்?"

"சா... சாட்சியெல்லே இன்ஸ்பெக்டர். பழுதாகக் கூடாது."

"ஓ... சாட்சி."

வழக்கு முடிந்த பிறகு இந்தப் போலியை என்ன செய்வது என்று சாதாரணமாகக் கேட்டார். தன்னிடமே தந்துவிடும்படியும், தானே எரித்துவிடுவதாகவும் சொன்னாள். சொல்லும்போதும் அவளுடைய பெருவிரல் மயிலின் கழுத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

எரிக்கப் போகிறவள் தடவுகிற மாதிரி இல்லை!

கஜானனுக்கு உள்ளுக்குள் ஏதோ ஊர்ந்தது. ஆனால் ஊர்வதை வைத்து வழக்குப் போட முடியாது. அசலா போலியா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தைத்தவள். தைத்தவளே போலி என்கிறாள். அதற்கு மேல் யாரைக் கேட்பது?

வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது.

*

இறங்கியது பாலேஸ்வரி. பத்மாசினியின் தாய். உடுவிலிலிருந்து மகளுக்கு மத்தியானச் சாப்பாட்டோடு வந்தவர், வாசலிலேயே சனத்திடம் செய்தியைக் கேட்டுவிட்டார்.

"சாறி களவு போட்டுதாம்... உண்மையே பிள்ளை?"

"அம்மா, நீங்கள் வீட்டை போங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

"இருக்கட்டும்," என்றார் கஜானன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "அம்மா, அந்தச் சாறியை நீங்கள் கிட்டப் பாத்திருக்கிறியளோ?"

"பாக்கிறதோ? தொட்டனான் தம்பி. மஞ்சள் வைச்சதே நான்தான்."

பத்மாசினி திரும்பினாள்.

"என்ன மஞ்சள்?"

"நீ கத்துவாய் எண்டுதான் சொல்லேல்லை," என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பாலேஸ்வரி இன்ஸ்பெக்டரின் பக்கம் சாய்ந்தார். "புதுச் சாறியெல்லே தம்பி. மஞ்சள் வைக்காமல் வெறுமனே விடலாமோ? இவள் பாரிஸுக்குப் போய் எல்லாத்தையும் மறந்திட்டாள். கண்காட்சி தொடங்கின அண்டைக்கு இவள் ஆரோடையோ பேட்டி குடுத்துக்கொண்டு நிண்டவள். பெட்டி திறந்து கிடந்தது. கைப்பைக்குள்ளை மஞ்சள் கொண்டு வந்தனான். முந்தானையின்ரை உள்மூலையிலை, வெளியிலை தெரியாத இடமாப் பாத்து, சின்னனா வைச்சுவிட்டனான். பிறகுதான் இவள் வந்து பூட்டினவள்."

"ஆருக்கும் சொன்னனீங்களோ அம்மா?"

"சொல்லுவனோ? பட்டிலை கறை எண்டு இவள் என்னைத் திண்டிருப்பாள்." பாலேஸ்வரி உற்சாகமாக நிமிர்ந்தார். "அதாலை நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தம்பி. எந்தச் சாறியிலை மஞ்சள் இருக்கோ, அதுதான் என்ரை பிள்ளையின்ரை சாறி."



பத்மாசினியின் கையிலிருந்து முந்தானை நழுவியது.

"கோபிசங்கர்," என்றார் கஜானன். "அந்த உள்மூலையைத் திருப்பும். மெதுவா... கம்பி முறியப் போகுது."

திருப்பினான்.

சிவப்புப் பட்டில்... ஒரு விரல்நுனி அளவு... மஞ்சள்!

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துப் போலி செய்கிறவனுக்கு உள்மூலை தெரியாது. தெரியாததைப் போலி செய்ய முடியாது.

அப்படியென்றால் இது போலி இல்லை. சேலை மாறவே இல்லை. எதுவுமே களவு போகவில்லை!

"சோக்கான வேலை," என்றார் கஜானன். "உங்கடை திறப்பாலை நீங்களே பூட்டைத் திறந்து விட்டியள். அசலைப் போலி எண்டு அலறினியள். எங்கடை முறைப்பாட்டுப் பிரதியைக் காட்டினா இன்சூரன்ஸ்காரன் காசு தருவான். குப்பையெண்டு சொல்லிச் சாறியையும் கொண்டுபோயிடுவியள். ஜெறோம் பாவம், வள்ளத்திலை சத்தியெடுத்துக்கொண்டு கிடப்பான்."

பத்மாசினி நிலத்திலேயே இருந்துவிட்டாள். பாரிஸ் கடை மூடப்போகிற நிலையில் இருப்பதாக விக்கி விக்கிச் சொன்னாள்.

பாலேஸ்வரி சாப்பாட்டுக் கரியரை மடியில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"ஏன் பிள்ளை அழுகிறாய்? சாறிதான் கிடைச்சிட்டுதெல்லே?"



*

கோபிசங்கர் மஞ்சள் கதையைச் சொல்லிச் சொல்லியே ஜெறோமை ஜீப்பிலிருந்து இறக்கினான்.

நேராக வீட்டுக்குப் போவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் நேராகச் சேலையிடம் போனான்.

"சேர், இப்ப கண்ணாடி இல்லைத்தானே... ஒருக்கால் கிட்டப் பாக்கலாமோ?"

கஜானன் தலையாட்டினார். ஜெறோம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். மூச்சுக்கூட மயிலில் படாமல் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இப்ப பிடிபட்டுதோ?"

"இல்லை சேர். இன்னும் குழப்பமாக்கிடக்கு."

கஜானன் சிவப்புத் துணியை மடித்து அவனிடம் நீட்டினார்.

"இந்தாரும் உம்மடை கோழி. டூப்பிளிக்கேட், டூப்பிளிக்கேட் எண்டு காலமை தொடக்கம் தேடினது... கடைசியிலை இந்தக் கேசிலை இருந்த ஒரேயொரு டூப்பிளிக்கேட் இதுதான் ஐசே."

ஜெறோம் துணியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"இதுக்கும் ஒரு மஞ்சள் வைச்சுப் பாக்கட்டே சேர்? ஆனா ஒரிஜினல் எண்டு சொன்னா... கோழிகூட நம்பாது!"