நிமிர்த்தி வைத்த அரிவாள்மணைகள்

வெற்றிச்செல்வி பெரம்பலூரில் ஓர் அரசுப் பள்ளியின் ஓவிய ஆசிரியை. விடிந்ததும், பல் துலக்குமுன்பே, தான் செய்துகொண்டிருக்கும் கலைப்படைப்பை ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பது அவள் வழக்கம். கணவன் சிங்கப்பூரில் இருந்தான். வீட்டில் அவளும் ஆறு வயது மகள் சத்யாவும் மட்டுமே.

பின்கட்டுக் கூடத்தில் இருபத்தொரு பழைய அரிவாள்மணைகளை அவள் வட்டமாக நிறுத்தியிருந்தாள். அரும்பாவூரிலும் ரஞ்சன்குடியிலும் அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், இறந்துபோன பெண்களின் வீடுகளில் கேட்டு வாங்கியவை அவை. ஒவ்வொரு மணையிலும் ஒருத்தியின் கால் நாற்பது ஆண்டுகள் அழுத்தித் தேய்த்த குழி இருந்தது. அந்தக் குழியே அவளுடைய உருவப்படம் என்பது வெற்றிச்செல்வியின் எண்ணம். கல்யாணத்திற்கு முதல்நாள் பெண்கள் கூடி அமர்ந்து காய் நறுக்குவதுபோல, எல்லாம் நடுவைப் பார்த்து நின்றன. காய் குவிக்கவேண்டிய அந்த நடுவிடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சனிக்கிழமை அனைத்தும் திருச்சிக் கண்காட்சிக்கு லாரியில் ஏறவேண்டும்.

வியாழன் காலை அவள் சுற்றிவந்தபோது, ஓர் அரிவாளின் அலகு ஈரமாக இருந்தது.

வீடு கூட்ட வந்த பொன்னுத்தாய் கூடத்து வாசல்நிலையைத் தாண்டவில்லை.

"எங்க வூட்டுல கத்தியும் பலகையும் வந்த அன்னிக்கே இதக் காயலாங்கடைக்குத் தூக்கிப் போட்டோம். நீங்க என்னடான்னா சபை கூட்டி வெச்சிருக்கீங்க டீச்சர்" என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "படுக்க வெச்சுடுங்க. அரிஞ்சு முடிச்சா சாய்ச்சு வெக்கணும். நின்னுச்சுன்னா இன்னும் வேலை கெடக்குன்னு அர்த்தம்."

"யாருக்குக்கா வேலை?"

"ஒக்காந்து அரிஞ்சவங்களுக்குத்தான்."

வெற்றிச்செல்வி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாய்த்து வைத்தால் அது வெறுங்கட்டை. நின்றால்தான் அது பெண்.

மறுநாள் மாலை, மழைமேகம் கவிந்து மின்சாரமும் நின்றுபோன வேளையில், அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அவள் மூக்கில், வீட்டில் ஒரு வாரமாக வாங்காத சின்ன வெங்காயத்தின் நெடி முதலில் மெல்லிய இழையாகவும் பின்னர்க் கண்ணைக் கரிக்கும் காரமாகவும் ஏறியது. அதனூடே, ஈரமான எதையோ அரிகின்ற ஒலி, ஒன்று ஓயுமுன் மற்றொன்றாக, பின்கட்டிலிருந்து வந்துகொண்டேயிருந்தது.

"சத்யா!"

அவள் கூடத்திற்குள் ஓடினாள்.

ஒலி நின்றது.

தடுமாறி ஒரு மணையில் கையூன்றினாள். குழி சூடாக இருந்தது. அப்போதுதான் கால் எடுத்த சூடு.

வட்டத்தின் நடுவில் சத்யா. கன்னமெல்லாம் கண்ணீர்.

"கண்ணு எரியுதும்மா. இங்கயே நில்லுன்னாங்க."

"யாரு தங்கம்?"

குழந்தை சுற்றிலும் பார்த்தது. யாரைக் காட்டுவதென்று தெரியாமல் தூக்கிய விரலைத் தாழ்த்தியது.

வாரி எடுத்துக்கொண்டு நிலையை நோக்கிப் பாய்ந்தாள். பின்னால், சிமெண்டுத் தரையில் கட்டை உராயும் ஓசை. திரும்பிப் பார்த்தாள்.

இருபத்தொன்றும் திரும்பியிருந்தன. குழந்தையை நோக்கி.

இடப்பக்கம் நகர்ந்தாள். அவையும் நகர்ந்தன. நெருங்கின.

குழந்தையை நிலைக்கு வெளியே இறக்கிவிட்டு, தான் மட்டும் கூடத்திற்குள் ஓரடி வைத்தாள். அலகுகள் தயங்கின. இன்னோரடி. அவள் பக்கம் திரும்பின.

புரிந்தது. நடுவிடம் வெறுமையாக இருக்கலாகாது.

"டீச்சர், மழை வருது, துணியெல்லாம் நனையுது பாருங்க!" பாத்திரம் தேய்க்க வந்திருந்த பொன்னுத்தாயின் குரல் கொல்லையிலிருந்து.

"பாப்பாவ ஒங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா."

"நீங்க வரலையா?"

"கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சுட்டு வரேன்."

சிறு காலடிகள் அகன்றன. கொல்லைக் கதவு சாத்தப்பட்டது. ஒரு மணையைச் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்ந்தது. இன்னொன்றையும் சாய்த்தாள். இரண்டும் நிமிர்ந்தன.

அவள் நடுவில் சென்று அமர்ந்தாள். வட்டம் இறுகியது. வெங்காய நெடி. மூச்சுகள். பல மூச்சுகள்.

அருகில் நின்ற ஒன்றைத் தன் பக்கம் திருப்பி, மணைமேல் காலை வைத்தாள். குழி அவள் காலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

பின்னலை முன்னால் இழுத்து அலகின் முன் பிடித்தாள். முதலில் இதிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தாள்.