தூராத துளை

காலையில் கழுவித் துடைத்து வைத்த வளையத்தில், சாயங்காலத்துக்குள் மறுபடியும் பொருக்கு கட்டியிருந்தது.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கடுகளவுதான். ஆறிவருகிற புண்ணில் கசிந்து காய்கிற அதே மஞ்சள். ஆனால் இந்த வளையம் மகளின் புருவத்தை விட்டு இறங்கிப் பத்து நாளாகிறது. ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உடலை ஒப்படைத்தபோது, அவளுடைய கைக்கடிகாரத்தோடு ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

"புருவத்துல வளையமா? அப்படியே ஒரு திரைச்சீலையும் தொங்க விட்டுக்கோடி!"

மகள் குத்திக்கொண்டு வந்த அன்று சொன்னது. அதோடு அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள். மகளா விடுவாள்? தினமும் உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

"கண்ணாடியில பார்த்தா கை மாறிப் போகுதும்மா. நீ துடைச்சு விடேன். ஆறு வாரம்தான். நடுவுல கழட்டினா தூர்ந்துடும்."

பத்தொன்பது நாள் கேட்டாள். ஒரு நாள்கூட அம்மா துடைத்துவிடவில்லை.

இப்போது துடைக்கிறாள். கொதித்து ஆறிய தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பு. பஞ்சு ஆகாது, இழை சிக்கும்; மெல்லிய துணிதான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

பொருக்கு ஊறியதும், காது குத்திய குழந்தைக்குத் தோட்டைத் திருகிவிடுகிற பழைய பழக்கத்தில், வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஸ்ஸ்... மெதுவாம்மா. வலிக்குது."

மகளின் அறையிலிருந்து. பத்து நாளாகப் பூட்டிக்கிடக்கும் அறை.

கிண்ணம் தளும்பியது. வளையம் குத்திவிட்ட கடைக்காரிக்குப் போன் போட்டாள்.

"பொருக்குதானே ஆன்ட்டி? நல்லதுதான், ஆறிட்டு வருது. ஆனா சுத்தாதீங்க, புண்ணு கிளறிக்கும். பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்கா," என்றாள் அம்மா.

அதன்பிறகு சுற்றக் கூடாது என்றுதான் தினமும் உட்காருவாள். துடைத்து முடிக்கும்போது, ஒரே ஒரு சுற்று. உள்ளிருந்து அந்த முனகல். கதவிடுக்கில் மகளின் ஷாம்பு வாசனை. நாளுக்கு நாள் பொருக்கு சிறுத்தது. குரலும் தேய்ந்தது.

ஆறாவது வாரத்தின் கடைசிச் சாயங்காலம். வளையத்தில் பொருக்கு இல்லை. பளிச்சென்று வெறும் உலோகம்.

சுற்றினாள். சத்தமில்லை.

மறுபடியும். கதவிடுக்கில் வாசனையும் இல்லை.

ஆறிவிட்டது. இனி அவளுக்கு வலிக்காது.

'போதும், விட்டுடு' என்று மனசு சொன்னது. வளையத்தை மேஜைமேல் வைத்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு அத்தனை அமைதி.

எடுத்தாள். நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். வெடுக்கென்று திருகினாள்.

"அம்மா!"

கிண்ணத்துத் தண்ணீர் மெல்லச் சிவந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் தேம்பல். புத்தம்புதிய புண்ணின் தேம்பல்.

அம்மாவின் கண்ணீர் சிவப்புத் தண்ணீரில் சொட்டியது.

"இதோ... அம்மா துடைச்சு விடறேன்டி கண்ணு," என்றாள்.

மறுபடியும் திருகினாள்.