விழுந்தவனுக்கு ஒரு விலை

"கொரின்...! கீகன் எந்திரிக்க மாட்டேங்கறான்...!"

மாடியிலிருந்து ஜோலின் அலறினாள்.

காபியை அப்படியே போட்டுவிட்டுக் கொரின் ஓடினாள்.

ஃப்ளோரிடாவின் கடலோர ஊர் ஒன்றில், போதையை விட்டவர்கள் தங்கும் விடுதி அது. ஜோலினும் கீகனும் அங்கே தங்கியிருப்பவர்கள். கொரின் அதன் வார்டன். அவளும் ஒரு காலத்தில் ஊசியும் கையுமாகக் கிடந்தவள்தான்.

குளியலறைத் தரையில் கீகன். மீசை சரியாக முளைக்காத முகம். உதடுகள் நீலம்!

போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் அடித்தாள். மார்பை அழுத்தினாள்.

"மூச்சு விடுடா...! டேய், விடுடா...!"

அசைவில்லை.

"ஜோலின், ஆம்புலன்ஸைக் கூப்பிடு! இன்னொரு மருந்து எடு!"

மறுபடி அடித்தாள்.

அப்போது...

வாசலில் கார் ஹாரன்.

ஜன்னல் வழியே பார்த்தாள்.

டெல்மர்!

சிகிச்சை மையத்துக்கு ஆள் பிடிக்கும் தரகன். விடுதியில் யாராவது மறுபடி போதையில் விழுந்தால், அள்ளிப்போட்டுக்கொண்டு போவான். தலைக்கு இவ்வளவு என்று மையம் அவனுக்கு அழும். மையம் இன்ஷூரன்ஸில் கறந்துகொள்ளும்.

ஆனால்... இன்றைக்கு அவனை யார் கூப்பிட்டது?

கீழே இறங்கிப் போனாள்.

"வா தங்கம்! கீகனோட பையைக் கட்டிக் குடு. மையத்துல பெட் ரெடி."

"அவன் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டெல்மரின் கண்கள் சுருங்கின. குரல் தாழ்ந்தது.

"கேள்வியெல்லாம் கேக்கறியே... உன் வீட்டு வாடகையை யாரு கட்டறா?"

அந்த வாடகைப் பணத்தை உதவி என்று நினைத்துத்தான் கொரின் வாங்கினாள். இல்லை... அப்படி நினைத்துக்கொண்டாள்.

"நோயாளியை அனுப்பக் காசு குடுத்தவனுக்கும் ஜெயில், வாங்கினவளுக்கும் ஜெயில். சட்டம் தெரியுமில்ல? வாயை மூடிக்கிட்டுப் பையைக் கட்டு!"

"பை வேண்டாம் டெல்மர்."

"ஏன்?"

"கீகன் செத்துட்டான்."

டெல்மரின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"பொய்...! சாகறதுக்கு வாய்ப்பே இல்ல! சும்மா விழற அளவுக்குத்தானே குடுத்தேன்...!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

"அப்ப அந்தப் போதை மருந்து... உன்னோடதா?"

கேட்டது கொரின் அல்ல!

டெல்மர் நிமிர்ந்தான். படிக்கட்டு நிறைய விடுதிக்காரர்கள். நடுவில், ஜோலினின் தோளில் சாய்ந்து...

கீகன்!

"பழைய சிநேகிதன் அனுப்பினான்னு சொல்லித்தானேடா கையில வெச்சே... படுபாவி!" மூச்சிரைக்கக் கத்தினான் கீகன்.

இரண்டாவது மருந்தில் அவன் இருமியதைக் கேட்ட பிறகுதான் கொரின் கீழே இறங்கியிருந்தாள்.

டெல்மர் காருக்குப் பாய்ந்தான். ஆம்புலன்ஸ் வந்து வழியை அடைத்தது. அதன் பின்னாலேயே, இப்படிப்பட்ட அழைப்புக்கெல்லாம் கூடவே வரும் போலீஸ் கார்!

"கொரின், யோசி! நான் மாட்டினா நீயும் மாட்டுவே! வாடகைக்குன்னு என் காசை வாங்கினவ நீ!"

"தெரியும். அதையும் நானே சொல்லிடறேன். வாங்கினது வாங்கினதுதான்."

போலீஸ்காரரை நோக்கி நடந்தாள்.

"சார், இந்த ஆளை உள்ளே சேத்துக்குங்க. நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படும்..."

திரும்பி டெல்மரைப் பார்த்தாள்.

"...அனுப்பி வெச்சதுக்கு எனக்குக் கமிஷன் வேண்டாம்!"