தேனீக்களிடம் சொன்ன சேதி

துபாய் ஏர்போர்ட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி, அல் ஐனில் அந்தப் பழைய வில்லாவின் முன் என் வீட்டுக்காரர் காரை நிறுத்தியபோது சாயங்காலம் நாலு மணி. ஆரத்தித் தட்டோடு யாரும் நிற்கப் போவதில்லை என்பது தெரிந்ததுதான். பின்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் மட்டும் வந்தது. அங்கே இலந்தை மரத்தடியில் நாலு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன.

"ஹெலனோட தேனீ," என்றார். புதுப் பெண்டாட்டிக்கு வீட்டைக் காட்டுகிற மனுஷன் வாயில் முதலில் வந்த பெயரே அதுதான்.

நான் இரண்டாந்தாரம். முதல் மனைவி ஹெலன் இங்கிலாந்துக்காரி, இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போனாள். செத்தவளிடம் என்னடி பொறாமை என்று என் அக்கா கேட்டாள். உயிரோடு இருக்கிறவளாவது கிழவியாவாள், சண்டை போடுவாள், குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவாள். செத்தவள் அப்படியே இருப்பாள். எனக்குப் பொறாமைதான்.

தினமும் டூட்டி முடிந்து வந்ததும் அவர் பின்பக்கம் போவார். வாசல் சாவியால் ஒவ்வொரு பெட்டியையும் மூன்று தட்டு தட்டுவார். பிறகு குனிந்து பேசுவார்.

"இதென்னங்க கூத்து?" என்று கேட்டேன்.

"அவ கிராமத்து வழக்கம். வீட்ல பொறப்பு, சாவு, கல்யாணம் எது நடந்தாலும் தேனீகிட்ட போய்ச் சொல்லணும். சொல்லாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிடும். இப்ப அந்த ஊர்லயே யாரும் செய்யறதில்ல. அவ அம்மாதான் கடைசி. அந்தம்மா செத்தப்ப எவனும் ஒரு வார்த்தை சொல்லல, பெட்டிய வித்துட்டாங்க. அந்த ஆத்தாமையிலதான் இவ இங்க வளர்த்தா."

என்னிடம் அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டே பேச்சு. சாப்பிட்டியா, தூங்கு. பெட்டிகளோடு அரை மணி நேரம்.

மூன்றாவது வாரம் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மறைவில் நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

"ஊர்லேருந்து ஒரு ஆள் வந்திருக்கு," என்று பெட்டியிடம் கிசுகிசுத்தார். "சமையலுக்கு."

கழுத்தில் மூன்று முடிச்சோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. சமையல்காரிக்கு லீவு என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

"பயமா இருக்கு ஜோதி."

"பூச்சிக்கா?"

"அவ செத்த அன்னிக்கு நான்தான் போய்ச் சொல்லணும். சாவியால தட்டினேன். போயிட்டான்னு சொல்ல வாய் வரல. நம்ம வீட்ல வாசப்படி தாண்டற யாரையும் அப்படிச் சொல்லிப் பழக்கமா? 'ஹெலன் போயிட்டு வருவா'ன்னு வந்துடுச்சு."

"வாய் தவறிடுச்சு. திருத்திச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? அதுங்க நம்பிக் காத்துட்டிருக்கு." ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவளும்."

மறுநாள் காலை கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. ஒரு தேனீ. என் தாலியின் மேல் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. கொட்டவில்லை. தன் நகையை அடுத்தவள் கழுத்தில் கண்டவள் உற்றுப் பார்ப்பாளே, அந்த நடை. அறை முழுக்க கனிந்த வாழைப்பழ வாசம். வீட்டில் வாழைப்பழமே இல்லை.

"தேனீக்குக் கோவம் வந்தா அந்த வாசம்தான் வரும்," என்றார் அவர். என் கழுத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஜன்னல்களையெல்லாம் சாத்தித் தாழ் போட்டேன். வாசம் போகவில்லை. குளியலறையில் அடித்தது. அரிசி டப்பாவைத் திறந்தால் அடித்தது. என் தலையணை உறையைத் துவைத்துக் காயவைத்து மோந்து பார்த்தேன், அதிலும் அடித்தது.

ஐந்தாம் நாள் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

என் பெயர் இல்லை.

அப்போதுதான் எனக்குப் பயத்தை மிஞ்சிய ஆத்திரம் வந்தது. இருக்கிறவர் ஒருத்தர், அவரையும் விட்டுக்கொடுத்துவிட்டு நான் எந்த ஊருக்குப் போவது?

வெள்ளிக்கிழமை அரை நாள்தான் டூட்டி. சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்தார். நல்ல வெயிலில், மூன்று மணிக்கு, சாவியை எடுத்துக்கொண்டு போனேன். முதல் பெட்டியை மூன்று தட்டு தட்டினேன்.

"ஹெலன் செத்துட்டா. வர மாட்டா. நான் நாகஜோதி. அவரு பெண்டாட்டி."

நாலு பெட்டியிலும் சொன்னேன்.

ரீங்காரம் நின்றது.

இலந்தை மரத்தில் ஓர் இலை அசையவில்லை. வாழைப்பழ வாசம் மூச்சை அடைத்தது.

பிறகு நாலு பெட்டியிலிருந்தும் ஒரே வீச்சில் கிளம்பின. முந்தானையால் தலையை மூடி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முதுகுக்கு மேலே வெகுநேரம் இரைச்சல். ஒன்றுகூடக் கொட்டவில்லை. நிமிர்ந்தபோது வானம் சுத்தமாக இருந்தது. பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் காலி.

கலாஸ். தொலைந்தாள். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அவரிடம் சொல்ல ஓடினேன். படுக்கையறை ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. தாழ் போட்டது நான்தான்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தது. கண் திறக்கவில்லை.

"வந்துட்டியா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசியதே இல்லை. யாருக்கான குரல் என்று தெரியும். தெரிந்தும், ஒரு தடவையாவது அது எனக்குக் கிடைக்கட்டும் என்று, "வந்துட்டேங்க," என்றேன்.

அவர் மார்பில் கை வைத்தேன்.

துடிப்பு இல்லை. உள்ளே ரீங்காரம்.