பதிவேட்டில் மூன்று பேர்

முதலில் இடறியது கண்ணில் அல்ல, காதில். கண்ணாடிக்கடை வைத்து இருபது வருடமாக அடுத்தவர் கண்ணையே சோதித்துக்கொண்டிருந்தவர், காதை அவ்வளவாக நம்பியதில்லை. ஆனாலும் எண்ணத் தெரியும். சரளைக்கல் பாதையில் அவருடைய கனத்த ஷூ. மனைவியின் மெல்லிய ஷூ. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஊன்றும் கைத்தடியின் டொக். இத்தனையையும் கழித்த பிறகும் ஒரு காலடி மிச்சமிருந்தது. வெறுங்கால். ஈரக்கால்.

திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே வளைந்து போகும் பாதை, பாசி வாசனை. ஆளில்லை.

“என்ன, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?” என்றாள் மனைவி. “ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?”

“நான் நிக்கலம்மா. தொப்பை பின்தங்கிடுச்சு. வரட்டும்னு பாக்குறேன்.”

அவள் சிரித்தாள். வாசலிலும் இதே தொப்பைக்குத்தான் சிரித்தாள். பள்ளத்தாக்குக்குள் போகிறவர்கள் எத்தனை பேர் என்று அங்கே பதிவேட்டில் எழுத வேண்டும். மாலையில் அந்த எண்ணிக்கை சரியானால்தான் காவலாளி கேட்டைப் பூட்டுவார். இவர் ‘3’ என்று எழுதிவிட்டு, “நான், இவ, என் தொப்பை” என்றார். எட்டு மாதமாகக் கட்டிலும் மாத்திரையுமாகக் கிடந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அடித்துத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை.

குழந்தைகளும் நடக்கலாம் என்று பலகை சொன்ன பாதைதான். சுண்ணாம்புச் சூளையைப் பார்த்தார்கள். கூரை போன கல்வீடுகளைப் பார்த்தார்கள். பாதையின் கடைசியில் பழைய சுரங்கத்தின் இரும்புக்கதவு, பக்கத்தில் ஒரு கல்வெட்டு. மனைவி விரலால் தடவித் தடவி வாசித்தாள்.

வெள்ளம் வந்த அன்று உள்ளே போனவர்கள் நாற்பத்தொரு பேர். எழுத்தர் தவறுதலாக நாற்பது என்று குறித்திருந்தார். நாற்பது பேர் வெளியே வந்ததும் தண்ணீருக்குப் பயந்து கதவை அடைத்தார்கள். ஏழு நாள் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கணக்கு சரியாக இருந்ததால் யாரும் திறக்கவில்லை.

“பாவம்ங்க,” என்றாள். “ஏழு நாள் தட்டிருக்கான்.”

அவருக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது வெயில் பாறையின் உச்சிக்கு ஏறிவிட, கீழே நிழல் தண்ணீரைப் போல முழங்கால் வரை, இடுப்பு வரை நிறைந்துகொண்டு வந்தது. எங்கிருந்தோ நனைந்த சுண்ணாம்பின் நெடி. அந்த ஈரக்கால் இப்போது பின்னால் இல்லை, அவர்களோடு அடி சேர்த்து, மனைவியின் மறுபக்கத்தில் நடந்தது.

“விடுங்க, நானே நடந்துக்குறேன்,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “உங்க கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?”

அவருடைய இரண்டு கைகளும் பேன்ட் பைக்குள் இருந்தன.

முப்பது அடி தூரத்தில் கேட். பக்கத்தில் மேசை, அதன் மேல் பதிவேடு. நான் எழுதியதால்தான் வருகிறது, அடித்துவிட்டால் போய்விடும் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

“நீ வந்துகிட்டே இரு. கேட்டைப் பூட்டிடாம நான் பாத்துக்குறேன்.”

ஓடினார். தொப்பை குலுங்கியது. கேட்டைத் தாண்டி, பேனாவைப் பிடுங்கி, மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினார்.

“அடிச்சா பக்கத்துல கையெழுத்து போடணும் சார்,” என்றார் காவலாளி. “ரெண்டு பேர்தானே?”

“ரெண்டே பேர்தான்.”

கையெழுத்துப் போட்டார். கைத்தடிச் சத்தம் நின்றது.

நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. சரளைக்கல்லில் ஒரு காலடி மட்டும் வந்தது. மெதுவாக. ஈரமாக. கேட்டைத் தாண்டியது.

“ஒண்ணு, ரெண்டு,” என்றார் காவலாளி. “கணக்கு சரி.” சங்கிலி உரசியது. பூட்டு விழுந்தது.

“என் மனைவி உள்ள இருக்கா.”

“பக்கத்துலதானே சார் நிக்கிறாங்க.”

“இல்ல. மூணு பேர். நாங்க மூணு பேர்.”

காவலாளி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “உங்க கையெழுத்துதானே சார்?”

கம்பிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள். காவலாளி அவளுக்கு ஊடாகப் பாதையைப் பார்த்துவிட்டு, பதிவேட்டை மூடி, விளக்கை அணைத்தார்.

“ஏங்க,” என்றாள். “விளையாடாதீங்க. கால் வலிக்குது.”

சில்லென்ற ஒரு கை அவர் விரல்களுக்குள் நுழைந்து, கெட்டியாகப் பற்றிக்கொண்டது. வீட்டுக்குப் போகலாம் என்பதுபோல இழுத்தது.

கைத்தடி இரும்பில் பட்டது.

டொக்.

டொக்.