என் தாடைக்காக உம்மா சொன்ன பொய்

"இன்னும் எத்தனை நாளைக்கு லாத்தா இந்தச் செயினை இவ கழுத்துல போட்டு வைக்கிறது? வீக்கம் குறையவே இல்லையே!"

காலையில் அடுப்படியில் உம்மா கேட்டதும், ஜன்னத் மாமி சட்டியை ணங்கென்று வைத்தார். மாமி வாப்பாவின் அக்கா. வாப்பா வேலைக்காகச் சவுதியில் தம்மாமில் இருந்ததால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பொன்னுக்கு வீங்கிக்குப் பொன்னுதான் போடணும். டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினா ஊரே பேசும். நாளைக்கு எவன் கட்டுவான் இவளை?"

என் இடது தாடை எலுமிச்சம்பழம் போல் புடைத்திருந்தது. வலியே இல்லை. அதுதான் எனக்குப் பயம்... நோன்புப் பெருநாளுக்கு வந்த வீக்கம், ரெண்டு மாதம் தாண்டி ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தும் போகவில்லை. செத்துவிடுவேனோ என்று உம்மாவிடம் மட்டும்தான் அழுதேன்.

மறுநாள் உம்மா, "நாகூர் தர்காவுக்குப் போயிட்டு வர்றோம் லாத்தா" என்று சொல்லிவிட்டு என்னைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றினார். மன்னார்குடி தாண்டியதும், "அல்லா என்னை மன்னிப்பான்" என்றார்.

பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முளைக்காத பல்லு ஒண்ணு எலும்புக்குள்ள மாட்டியிருக்கும்மா. அதைச் சுத்தி நீர்க்கட்டி. புத்துநோய் மாதிரி தெரியல. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்."

வீடு திரும்பியபோது மாமி போனில் வாப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தார். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்த யாரோ மாமியிடம் சொல்லிவிட்டார்கள்!

"தர்கா பேரைச் சொல்லிட்டு ஊர் சுத்துறாடா உன் பொண்டாட்டி!"

உம்மா போனை வாங்கினார்.

"பொய் சொன்னது நெசந்தாங்க... வெள்ளிக்கிழமை புள்ளைக்கு ஆபரேஷன். என்னை வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். அதை மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க!"

வாப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து, ரிசல்ட் வாங்கப் போனபோது மாமியும் கூடவே வந்தார்.

"சாதாரணக் கட்டிதான். புத்து இல்ல. இன்னும் விட்டிருந்தா எலும்பு மெலிஞ்சு தாடையே உடைஞ்சிருக்கும்" என்றார் டாக்டர்.

மாமி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்ததும், எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்து வாப்பாவைக் கூப்பிட்டார்.

"யூசுப்பு... நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் தப்புடா. நஃபீசா மட்டும் இல்லேன்னா நம்ம புள்ள..."

போனை வைத்துவிட்டு உம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

"விடுங்க லாத்தா... நீங்களும் இவ நல்லதுக்குத்தானே சொன்னீங்க?" என்ற உம்மாவின் முகமும் நனைந்திருந்தது.

எனக்கு எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது. தையல் போட்ட வாய் திறக்கவில்லை. உம்மாவின் கையை இழுத்து, வடிந்துபோன கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன்.